உலர் மாகுலா சிதைவுக்கு ஒளி சிகிச்சை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பெரியம்மாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் உலர் வகை மாகுலா சிதைவு (விழித்திரையின் மையப் பகுதி வயதாக ஆகப் பழுதடைவது), நடுத்தர நிலை. ஈர வகைக்காவது கண்ணுக்குள் ஊசி இருக்கிறது. இவருக்குச் சத்து மாத்திரையும், வீட்டில் ஆம்ஸ்லர் கட்டம் (கோடுகள் வளைந்து தெரிகிறதா என்று சோதிக்கும் கட்டத்தாள்) பார்த்துக்கொள்வதும்தான்.

அமெரிக்காவில் வலேடா என்ற ஒளிக்கருவிக்கு 2024 நவம்பரில் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 590, 660, 850 நானோமீட்டர் ஒளியை, மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குள் ஒன்பது முறை காட்டுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை அதே சுற்று. இந்தக் கருவியைச் சோதித்த லைட்சைட் 3 ஆய்வில் 13 மாதத்தில் சிகிச்சை பெற்ற கண்கள் பார்வைப் பரிசோதனைப் பலகையில் சராசரியாக 5.4 எழுத்து கூடுதலாகப் படித்தன. சரி, ஆனால் ஒப்பீட்டுக்காகப் போலி சிகிச்சை பெற்ற கண்களும் 3 எழுத்து கூடுதலாகப் படித்திருக்கின்றன! அதுதான் யோசனையாக இருக்கிறது.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதை எடுத்தார்களா? செய்தித்தாள் படிப்பது, முகம் அடையாளம் தெரிவது போன்றவற்றில் மாற்றம் தெரிந்ததா? ஒரு சுற்றுக்கு எவ்வளவு செலவானது, காப்பீடு கொடுத்ததா? உங்கள் விழித்திரை மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

இணையத்தில் விற்கும் சிவப்பு விளக்குகளை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். அண்ணன் ஏற்கெனவே ஒன்றை வாங்கத் துடித்துக்கொண்டிருக்கிறார்.