கூட்டத்தை நகரவிடாத உறுப்பினரை எப்படிச் சமாளிப்பது?

வணக்கம். ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கு இந்த ஆண்டுதான் தலைவரானேன். ஓர் உறுப்பினர் யாரையும் பேசவிடுவதில்லை. வாக்கெடுத்து முடித்த தீர்மானத்தை மறுபடி மறுபடி கிளறுகிறார். (அவர் கேட்பதில் பாதி நியாயமான கேள்விகள், அதுதான் சிக்கல்.) தனியாக அழைத்துப் பேசினேன். சரி என்றார், அடுத்த கூட்டத்திலேயே பழைய கதை.

ராபர்ட் விதிகளின்படி (Robert's Rules of Order, கூட்டம் நடத்தும் முறைகளைச் சொல்லும் அமெரிக்கக் கையேடு) ஒரு தீர்மானத்தின் மீது ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறை, தலா 10 நிமிடம்தான் பேசலாம். ஆனால் எங்களைப் போன்ற சிறு குழுக்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் பேச அதே விதிகள் இடம் தருகின்றன. நாங்களாகவே வரம்பு வைக்கலாமென்று நினைக்கிறேன். 3 நிமிடம் போதாதா? இப்படிச் செய்து பார்த்தவர்கள், அவரை மட்டும் குறிவைத்ததாகத் தோன்றாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள்? அப்புறம், இந்தக் குறுக்கீடுகளைக் கூட்டக் குறிப்பில் எழுதலாமா?