புதிதாகச் சேர்ந்த பைலட் ஓ.ஈ.யில் தடுமாறினால் ஏர்லைன் என்ன செய்யும்?

கேள்வி: ஓடுபாதை27

அமெரிக்க ஏர்லைன் ஒன்றில் புதிய ஃபர்ஸ்ட் ஆஃபிசர் (துணை விமானி) சிமுலேட்டர் செக்ரைடில் (பறக்கும் தேர்வில்) தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பயணிகளோடு, மேற்பார்வையில் பறக்கும் ஓ.ஈ.யில் (ஆபரேட்டிங் எக்ஸ்பீரியன்ஸ்) தடுமாற்றம். அப்ரோச்சில் (தரையிறங்க நெருங்கும்போது) வேகம் நிலைப்பதில்லை, ஃப்ளேர் (தரை தொடுமுன் மூக்கை உயர்த்துவது) ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி, செக்லிஸ்ட் நடுவே ரேடியோ அழைப்பு வந்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. செக் ஏர்மேன் (மேற்பார்வையிட்டு மதிப்பிடும் பைலட்) கவலை தெரிவித்த பிறகு என்ன நடக்கும்? ப்ரொபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) இருப்பதால் உடனே அனுப்பிவிடுவார்களா?

இடதுஇருக்கை:

உடனே அனுப்ப மாட்டார்கள். ஜெட் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆஃபிசருக்கு ஓ.ஈ. குறைந்தது 25 மணி நேரம். கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு டேக்ஆஃப்-லேண்டிங்குக்கும் ஒரு மணி குறைக்கலாம், அதுவும் பாதி வரைதான். மேல்வரம்பு கிடையாது. அதனால் முதலில் கூடுதல் ட்ரிப் கொடுப்பார்கள், பெரும்பாலும் வேறொரு செக் ஏர்மேனோடு. குறை பைலட்டிடமா, அந்த இருவருக்கும் ஒத்துப்போகவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதிலும் தேறவில்லை என்றால் பயணிகள் விமானங்களில் பறப்பதிலிருந்து எடுத்து சிமுலேட்டருக்கு அனுப்புவார்கள். இங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். "லேண்டிங் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயிற்சியாளர் லேண்டிங்கையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். உண்மையில் 1000 அடியிலேயே வேகமும் த்ரஸ்டும் (இன்ஜின் உந்துவிசை) நிலைக்காததுதான் காரணமாக இருக்கும், ஃப்ளேர் அதன் விளைவு. எந்த உயரத்தில், எவ்வளவு விலகல், எத்தனை முறை சொல்லித் திருத்த வேண்டியிருந்தது என்று எழுதினால்தான் அந்த சிமுலேட்டர் அமர்வுகள் உருப்படும்.

அதற்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் பயிற்சி மறுஆய்வுக் குழு கூடும். மேலும் பயிற்சியா, பணிநீக்கமா என்று அங்கே முடிவாகும். ப்ரொபேஷன் வழக்கமாக 12 மாதம். அந்தக் காலத்தில் பணிநீக்கத்தை எதிர்த்து யூனியன் வழியாக முறையீடு செய்யும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்காது. யூனியனின் பயிற்சிக் குழுவிடம் ஆரம்பத்திலேயே பேசுவது நல்லது. ப்ரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் குழு நடத்தைச் சிக்கல்களுக்கானது, பறக்கும் திறன் அதன் வேலையல்ல.

சிம்தளம்:

மேலே சொன்னது சரி, ஆனால் ஆபத்து தேறிய பிறகுதான் அதிகம். ஒவ்வொரு முறையும் "மறுபயிற்சி, பிறகு தேர்ச்சி" என்று கோப்பை மூடிவிட்டால், அதே பலவீனம் திரும்பத் திரும்ப வருவது யார் கண்ணிலும் படாது. 2019 பிப்ரவரி 23 அன்று டெக்சாஸின் டிரினிட்டி விரிகுடாவில் விழுந்த அட்லஸ் ஏர் 3591 சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோ-அரவுண்ட் மோட் (தரையிறங்காமல் மீண்டும் மேலேறும் அமைப்பு) தவறுதலாக இயங்க, ஃபர்ஸ்ட் ஆஃபிசர் மூக்கைக் கீழே தள்ளினார். மூவரும் இறந்தார்கள். முந்தைய ஏர்லைன்களிலும் அவருக்குப் பயிற்சியில் தோல்விகள் இருந்தன. ஆளெடுப்பிலும் திறன் மதிப்பீட்டிலும் இருந்த குறைகளை விபத்தை விசாரித்த என்.டி.எஸ்.பி. காரணங்களோடு சேர்த்தே எழுதியது.

2013ல் வந்த எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதி, குறைபாடோ பல தோல்விகளோ உள்ள பைலட்டுகளை அடையாளம் கண்டு, மறுபயிற்சி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறது. இணங்க வேண்டிய கெடு 2019 மார்ச். கண்காணிப்புப் பட்டியலில் பெயர் வருவதைத் தண்டனையாகப் பார்க்கும் ஏர்லைனில் செக் ஏர்மேன்கள் எழுதத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வால்காற்று:

ஓ.ஈ. முடிந்ததும் பாதுகாப்பு வளையம் விலகிவிடுவதில்லை. அந்த ரக விமானத்தில் 100 மணி ஆகாத ஃபர்ஸ்ட் ஆஃபிசர், செக் ஏர்மேன் அல்லாத கேப்டனோடு பறக்கும்போது, கிராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காற்று) 15 நாட் (knot) வேகத்துக்கு மேல், ரன்வேயில் தண்ணீர் அல்லது பனி, விண்ட்ஷியர் (காற்றின் திடீர் மாற்றம்) எச்சரிக்கை போன்ற நிலைகளில் டேக்ஆஃபும் லேண்டிங்கும் கேப்டனே செய்ய வேண்டும். இருவரில் ஒருவருக்காவது 75 மணி இருக்க வேண்டும். அந்த 100 மணியையும் 120 நாட்களுக்குள் பறந்து முடிக்க வேண்டும். ரிசர்வில் (அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில்) உட்கார வைத்து மாதம் 20 மணி கொடுத்தால் கற்றது கைநழுவும். தடுமாறியவருக்கு ஷெட்யூலிங்கில் முன்னுரிமை கேட்டு வாங்குங்கள்.

ஓடுபாதை27:

நன்றி. பணிநீக்கம் வருவதற்கு முன் ராஜினாமா செய்தால் பதிவில் வராமல் போகுமா?

சிம்தளம்:

போகாது. முன்பு பி.ஆர்.ஐ.ஏ. (பைலட் பதிவுகள்) சட்டப்படி முந்தைய ஏர்லைனிடம் 5 வருடப் பதிவுகளைக் கேட்டு வாங்குவார்கள். இப்போது பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸில் பயிற்சி முடிவுகள், திறன் சார்ந்த ஒழுங்கு நடவடிக்கை, வேலையிலிருந்து விலகியது எல்லாமே பதிவாகின்றன. அடுத்த ஏர்லைன் உங்கள் சம்மதத்தோடு அதைப் பார்த்த பிறகே பறக்க விட முடியும். உங்கள் பதிவை நீங்களே இணையத்தில் பார்க்கலாம், தவறு இருந்தால் மறுப்பும் பதியலாம். விண்ணப்பத்தில் ஒரு வேலையைக்கூட விடாமல் எழுதுங்கள். தோல்வியை விளக்கிச் சொல்ல முடியும், மறைத்தது தெரிந்தால் நேர்காணலே நடக்காது.