ஏசி படுக்கையறைக்கு வெளிக்காற்று: எச்.ஆர்.வி. வாங்கலாமா?

மாடிவாசி (சென்னை):
பள்ளிக்கரணைப் பக்கம் ஏழாவது மாடியில் வீடு. ஜன்னல்கள் யுபிவிசி, சாத்தினால் சாலைச் சத்தம்கூட உள்ளே வராது. இரவு ஸ்பிளிட் ஏசியில் நானும் மனைவியும் தூங்குகிறோம். காலையில் தலை கனக்கிறதே என்று கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். விடியும்போது 2,300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,300 பங்கு) காட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் கொசுவும் புழுக்கமும். வெளியேறும் காற்றுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் இடையே வெப்பத்தைக் கைமாற்றி மீட்கும் எச்.ஆர்.வி. இயந்திரம் மாட்டினால் கரண்ட் செலவே தெரியாது என்று ஒரு விற்பனையாளர் லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார். வாங்கலாமா?

டக்ட்காரர்:
வேண்டாம். அலுவலகக் கட்டடங்களுக்கு டக்ட் (காற்றுக் குழாய்) போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை அது ஒரு சொட்டும் இழுப்பதில்லை. எனவே உங்கள் மீட்டர் சொல்வதில் வியப்பில்லை. இருவருக்கு மணிக்கு 50 கன மீட்டர் வெளிக்காற்று வந்தால் 900 பிபிஎம் அளவில் நின்றுவிடும்.

இப்போது அந்த விற்பனையாளர் விழுங்கிய பகுதி. வெளியே 30 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்று வையுங்கள். ஒரு கிலோ காற்றை இந்த ஐந்து டிகிரி இறக்க 5 கிலோஜூல் போதும். ஆனால் சென்னைக் காற்று ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 10 கிராம் நீராவியைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. அதைத் தண்ணீராக்கி வடிக்க 25 கிலோஜூல் வேண்டும். அதாவது சுமையில் ஆறில் ஐந்து பங்கு ஈரம்! எச்.ஆர்.வி. வெப்பத்தை மட்டும்தான் மீட்கும், ஈரத்தைத் தொடாது. நம் ஊருக்கு என்றால் ஈரத்தையும் கைமாற்றும் ஈ.ஆர்.வி.தான் பேச்சுக்கே உரியது.

அதுவும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். 50 கன மீட்டர் காற்றைக் குளிர்விக்க ஏசிக்கு ஆகும் கூடுதல் மின்சாரம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டும் கொஞ்சமும். ஈ.ஆர்.வி. அதில் பாதிக்கு மேல் மீட்டாலும் அதன் இரண்டு விசிறிகள் தின்பதுபோக மிஞ்சுவது அரை யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் இரவுக்கு நான்கு ரூபாய். போட்ட லட்சம் திரும்ப உங்கள் பேரன் காத்திருக்க வேண்டும். 200 பேர் உட்காரும் பயிற்சிக்கூடம் என்றால் கதை வேறு: அங்கே ஈ.ஆர்.வி. ஏழு டன் ஏசியையே மிச்சப்படுத்தும்.

வெளிக்காற்றை உள்ளே தள்ள வடிகட்டியோடு ஒரு சிறிய விசிறி, நான்கு அங்குலக் குழாய். இதுவே போதும்.

பனிநாட்டான் (டொரோண்டோ):
டக்ட்காரர் ஐயா சொல்வது சென்னைக்குச் சரி. இங்கே புது வீடுகளின் அடித்தளத்தில் எச்.ஆர்.வி. சாதாரணமாகப் பார்க்கிற பொருள். ஜனவரியில் வெளியே மைனஸ் 15, உள்ளே 21. அந்த 36 டிகிரியை எரிவாயு கொண்டு ஈடுகட்டினால் பில் தாங்காது. ஆனாலும் குளிர்காலத்தில் உதடு வெடிக்கும் வறட்சி வந்ததால் நாங்கள் ஈ.ஆர்.வி.க்கு மாறினோம்.

மாடிவாசி:
நன்றி ஐயா. குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியையே இரவெல்லாம் ஓடவிட்டால் போதாதா?

டக்ட்காரர்:
அது காற்றை வெளியே தள்ளும். ஈடாக வரும் காற்று எந்தச் சந்திலிருந்து வரும் என்பது உங்கள் கையில் இல்லை. மாடிப்படி, பக்கத்து வீட்டுச் சமையல் ஷாஃப்ட், வறண்ட தரைவடிகால், எல்லாமே வழிதான். காற்றை உள்ளே தள்ளுங்கள். அப்போது எல்லாம் வடிகட்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

குழாய்க்காகச் சுவரில் வட்டத் துளை (கோர் கட்டிங்) போட்டால் பீமையும் தூணையும் தொடாதீர்கள், குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட எளிது, வென்டிலேட்டர் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அக்ரிலிக் தகட்டில் துளையிட்டுக் குழாயைச் செருகுவது. குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும், மழை உள்ளே வராது. வாய்க்குக் கொசுவலை. ஜெனரேட்டர் புகைபோக்கிக்கு அருகே வேண்டவே வேண்டாம். உள்முனையை ஏசி காற்றை இழுக்கும் மேற்புறத்தில் விடுங்கள். ஈரம் முதலில் ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலில் வடியும். வடிகட்டி கறுத்ததும் மாற்றுங்கள், இல்லையென்றால் விசிறி சத்தம்தான் போடும், காற்று வராது.

சமையலறைச் சிம்னி ஓடும்போது மட்டும் அங்கே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது மணிக்கு ஆயிரம் கன மீட்டர் இழுக்கிற அரக்கன். இந்தக் குழாயால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.