மறு: ஜுவனைல் = இளநண்டு? (பிடில் நண்டின் வளர்பருவச் சொற்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

பிடில் நண்டு (ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் நண்டு) பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் 'ஜுவனைல்' (juvenile, முதிராத பருவம்) போன்ற வளர்பருவச் சொற்களுக்குத் தமிழில் என்ன வைப்பது என்பதுதான் இந்த இழையின் பேச்சு. இரண்டு நாள் ஊரில் இல்லை, அதற்குள் இழை நீண்டுவிட்டது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> ஜுவனைல் என்றால் இளநண்டு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

சேற்று நண்டு, நீல நண்டு என்றால் நானும் இதோடு விட்டிருப்பேன். பிடில் நண்டில் இந்த ஒரு சொல் போதவில்லை. மொழிபெயர்க்கத் தொடங்கிய மூன்றாம் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். "இளநண்டின் கொடுக்குகள் இரண்டும் சிறியவை" என்று ஒரு வரி. சற்றுத் தள்ளி, "இளநண்டின் கொடுக்குகள் இரண்டும் பெரியவை." அடுத்த பக்கத்தில், "இளநண்டின் ஒரு கொடுக்கு மட்டும் பெரியது." மூன்றும் சரியான தகவல்தான். வாசகர் என்னைத்தான் திட்டுவார்.

முதலில் கடலில் கழியும் பருவங்களை முடித்துவிடலாம். தாய் நண்டு வயிற்று மடலுக்கு அடியில் முட்டைகளை ஏறக்குறைய இரண்டு வாரம் சுமக்கிறது. பல இனங்களில் பெரிய ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) வரும் நாட்களில், இரவில் நீர் வற்றும்போது குடம்பிகள் பொரிந்து கடலுக்குப் போகின்றன. (லார்வாவுக்கு ஈழத்துப் பாடநூல்களில் உள்ள 'குடம்பி'யையே எடுத்துக்கொள்கிறேன்.) இதுதான் சோயியா. நண்டின் சாயலே இருக்காது. பெரும்பாலான இனங்களில் ஐந்து சோயியா நிலைகள். அப்புறம் மெகலோபா. கொடுக்கு வந்துவிடும், ஆனால் வயிறு இன்னும் மடங்காமல் பின்னால் நீண்டிருக்கும். அது இரவு ஏற்றத்தில் மிதந்து கழிமுகத்துக்குத் திரும்புகிறது. தன் இனத்துப் பெரிய நண்டுகளின் வாடை அடிக்கும் சேறாக இருந்தால் உருமாற்றம் சீக்கிரமே நடக்கிறது.

சோயியா, மெகலோபா இரண்டையும் ஒரு காலத்தில் தனித்தனி விலங்குகள் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். சோயியா நண்டின் பிள்ளைதான் என்று 1820களில் காட்டியவர் அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த படை மருத்துவர் ஜான் வாகன் தாம்சன். சோயியா என்ற பெயரின் வேர் 'உயிர்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல். அதைத் தமிழாக்கி ஒரு பயனும் இல்லை, அப்படியே இருக்கட்டும். மெகலோபாவுக்குப் 'பெருங்கண்' என்று பொருள். கண்ணும் உண்மையிலேயே பெரியது. ஆகவே 'பெருவிழிக் குடம்பி', சுருக்கமாகப் 'பெருவிழி'.

இனி கரைக்கு வருவோம். பெருவிழி தோலுரித்ததும் வருவது முதல் நண்டு. ஓட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கொடுக்குகள் இரண்டும் சிறியவை, ஆண் பெண் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இதற்குத் தொல்காப்பிய மரபியலைக் காட்டி 'பார்ப்பு' (குஞ்சு) என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். "பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை", அடுத்து "தவழ்பவை தாமும் அவற்றோ ரன்ன." நண்டைத் தவழ்பவையில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, சொல்லும் பிடித்திருக்கிறது. ஆனால் 'பார்ப்பின் வளர்ச்சி' என்று தலைப்பு வைத்தால் கண் மருத்துவக் கட்டுரை என்று நினைத்துக் கடந்துபோவார்கள். எல்லோருக்கும் புரிகிற 'நண்டுக்குஞ்சு' இருக்கிறதே, அது போதும். ('நண்டு சிண்டு' என்று பரிந்துரைத்தவருக்கு நன்றி. அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.)

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஜப்பானில் ஆஸ்ட்ருகா லாக்டியா என்ற இனத்தை ஆராய்ந்து யமாகுச்சி 1977இல் எழுதியது இது: இளம் ஆணில் இரண்டு கொடுக்குகளுமே பெரிய வகையாகின்றன. பிறகு ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. எஞ்சியது பெருங்கொடுக்காகிறது, உதிர்ந்த பக்கத்தில் சிறியது முளைக்கிறது. எந்தப் பக்கம் என்பது தற்செயல். அதனால்தான் கூட்டத்தில் வலமும் இடமும் ஏறக்குறையப் பாதிப் பாதி. வளர்ந்த பிறகு பெருங்கொடுக்கு முறிந்தாலும் அதே பக்கத்தில்தான் மீண்டும் பெரியது வரும். எல்லா இனங்களுக்கும் இதே கதை என்று எழுதிவிடக் கூடாது. ஜெலாசிமஸ் வோகன்ஸ் இனத்தில் பெரும்பாலான ஆண்களுக்கு வலப்பக்கமே பெரியது. அங்கே தற்செயலுக்கு என்ன வேலை?

யானைக்குக் கொம்பன், ஒற்றைக் கொம்பன் என்கிறோம் அல்லவா? அதே வழியில் இரண்டும் பெரிதாக உள்ள ஆண் 'இரட்டைக் கொடுக்கன்', ஒன்றை இழந்த ஆண் 'ஒற்றைக் கொடுக்கன்'. ஆண்பால் ஈறு இங்கே பொருத்தம், ஏனென்றால் பெண்ணுக்குக் கடைசிவரை இரண்டும் சிறியவைதான். 'இளநண்டு' என்பது ஆண் பெண் வேறுபாடு தெரிவதில் தொடங்கி இனப்பெருக்க முதிர்ச்சி வரை உள்ள பொதுச்சொல். பக்கத்தைச் சொல்ல 'வலக்கொடுக்கன்', 'இடக்கொடுக்கன்'. 'வலங்கை, இடங்கை' வேண்டவே வேண்டாம். வரலாறு படித்தவர்கள் சாதிச் சண்டைக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

> அலோமெட்ரி = மாறுவிகித வளர்ச்சி

இதை மட்டும் ஏற்க முடியவில்லை, தம்பி. ஓர் உறுப்பு மற்ற உடலைவிட வேறான வேகத்தில் வளர்வதுதான் அலோமெட்ரி. ஆங்கிலேய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1924இல் இதே பிடில் நண்டின் கொடுக்கை அளந்துதான் இதைச் சொன்னார். அலோமெட்ரி என்ற பெயரை அவரும் பிரெஞ்சு உயிரியலாளர் டெய்சியேவும் 1936இல் வைத்தார்கள். உடல் எடையில் கொடுக்கின் பங்கு ஏறிக்கொண்டே போய்ப் பாதி அளவுக்கு வந்துவிடுகிறது. மாறுவது அந்தப் பங்கு. கொடுக்கின் வளர்வேகத்துக்கும் மற்ற உடலின் வளர்வேகத்துக்கும் உள்ள விகிதமோ நெடுங்காலம் மாறாமல் நிற்கிறது, ஹக்ஸ்லியின் கண்டுபிடிப்பே அதுதான். 'மாறுவிகிதம்' என்றால் நேர் எதிராகப் போய்விடும். 'வேற்றுவேக வளர்ச்சி' சரிப்படுமா? கொஞ்சம் நாக்கில் தட்டுகிறது, தெரியும்.

நண்டின் பெயரையே மாற்ற வேண்டும் என்ற யோசனையும் பார்த்தேன். ஜப்பானியர் இதைச் சியோமனெகி, அதாவது ஓதத்தைக் கைகாட்டி அழைப்பது என்கிறார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் இட்ட வோகன்ஸ் என்ற லத்தீன் பெயருக்கும் பொருள் 'அழைப்பது'தான். நமக்கும் 'ஓதமழைப்பான்' என்று வைக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கத்து அன்பர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. ஒரு கொடுக்கு பெருத்த இந்த நண்டை உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கேட்டு எழுதுங்கள். அதுவரை வரைவில் கொடுக்கன்களே நிற்கட்டும்.