எல்டிஎல் 168: சமையலுக்கு எந்த எண்ணெய், எவ்வளவு?

வணக்கம். அப்பாவுக்கு வயது 64. போன வாரப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 168. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "எண்ணெயைக் குறைங்க" என்றதோடு சரி. எந்த எண்ணெய், எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்பா நாகர்கோவில்காரர். தேங்காய் எண்ணெய் ஊற்றாமல் அவியல் இறங்காது. "செக்குல ஆட்டினது, ஒண்ணும் செய்யாது" என்கிறார். செக்கோ ரீஃபைண்டோ, அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதானே? எல்டிஎல்லை ஏற்றுவதும் அதுதான். பாமாயிலில் அது சுமார் பாதி, கடலை எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நல்லெண்ணெயில் இன்னும் குறைவு. பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதை வேறு காட்டுகிறார். எந்தத் தாவர எண்ணெயிலும்தான் அது பெயருக்குக்கூட இருக்காதே!

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அவியலுக்கு மட்டும் கடைசியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். இது போதுமா? மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? அப்புறம், அம்மா அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி, கறுத்த பிறகும் தாளிக்க வைத்துக்கொள்கிறார். சண்டையில்லாமல் அதை நிறுத்த வழி உண்டா?

உணவியல் படித்தவர்கள், இதே நிலையில் உணவை மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.