மொட்டைமாடி அறையில் டிரம்ஸ் ஒலிப்பதிவு: ஸ்னேர் ஏன் மெலிகிறது?

கேள்வி: விருகம்பாக்கத்தில், மொட்டைமாடியிலுள்ள பத்துக்குப் பத்து அறையில், கிக்குக்கு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்னேருக்கு (அடியில் கம்பிச்சுருள் அதிரும் சிறிய டிரம்) ஒன்று, மேலே இரண்டு என நான்கு மைக்குகளை வைத்து டிரம்ஸ் பதிவு செய்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நான்கையும் சேர்த்தவுடன் ஸ்னேர் தகர டப்பாவைத் தட்டியதுபோல் மெலிந்துவிடுகிறது. ஈக்வலைசரில் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: ஈக்வலைசரை விட்டுவிடுங்கள் நண்பரே, இது பெரும்பாலும் ஃபேஸ் சிக்கல், அதாவது மைக்குகளின் ஒலியலைகள் ஒன்றோடொன்று பொருந்தாத சிக்கல். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 செ.மீ. செல்கிறது, ஆகவே ஸ்னேர் மைக்கில் விழுந்த அதே அடி, ஒரு மீட்டர் மேலேயுள்ள மைக்குகளை ஏறக்குறைய 3 மில்லி விநாடி கழித்தே அடைவதால், இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஸ்னேரின் நடுவில் ஒரு நூலைப் பிடித்து, மேல் மைக்குகள் இரண்டும் அதே நூல் நீளத்தில் நிற்கும்படி அமையுங்கள். பிறகு ஸ்னேர் டிராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேளுங்கள். எந்த நிலையில் அடித்தொனி கனக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: தாழ்ந்த காங்கிரீட் கூரையும் ஒரு காரணம். மைக்குகளுக்கு நேர்மேலே தடித்த பஞ்சு மெத்தையைக் கட்டிவிடுங்கள். முட்டை அட்டையை நம்பாதீர்கள். அதனால் கீழ்த்தொனிகளை அடக்க முடியாது.

கேள்வி கேட்டவர்: நூல் பிடித்தபோது இடப்பக்க மைக் ஒரு சாண் தள்ளி நின்றது தெரிந்தது. சரிசெய்து, போலாரிட்டியையும் திருப்பியதும் ஸ்னேருக்கு உடல் வந்துவிட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டு இந்த வெயிலில் இரண்டு டேக்குக்கு மேல் வாசிக்க முடியவில்லை என்பதே இப்போதைய குறை.