கோ ஆட்டத்தில் ஜப்பான் எப்படிப் பின்தங்கியது?

கேள்வி: கோவை சதுரங்கன்

வணக்கம். சதுரங்கம் ஆடுகிறவன் நான். இப்போது கறுப்பு, வெள்ளைக் கற்களைப் பலகையில் வைத்து ஆடும் கோ ஆட்டத்தின் மீதும் ஆசை வந்திருக்கிறது. 1988 முதல் 1992 வரை புஜித்சு கோப்பை என்ற பன்னாட்டுப் பட்டத்தை ஐந்து முறையும் ஜப்பானில் ஆடுகிறவர்களே வென்றிருக்கிறார்கள். பிறகு பட்டியலில் பெரும்பாலும் கொரியர்களும் சீனர்களும்தான் இருக்கிறார்கள். 2005-இல் ஜப்பானில் ஆடும் சோ யூ எல்ஜி கோப்பையை வென்றபின் 19 ஆண்டுகள் ஜப்பானுக்குப் பெரிய பன்னாட்டுப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. திறமை வற்றிவிட்டதா?

பதில்: ஒசாகாவாசி

வற்றவில்லை. இப்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரமான ஹிகாஷி ஒசாகாவில் பிறந்த இயாமா யூதா, 2016-இலும் 2017-இலும் உள்நாட்டின் ஏழு பெரும் பட்டங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தார். அவரே 2018-இல் எல்ஜி கோப்பை இறுதிச்சுற்று வரை போய், சீனாவின் ஷியே அர்ஹாவிடம் 1-2 என்று தோற்றார்.

பிரச்சினை போட்டிகளின் அமைப்பில் இருக்கிறது. இங்கே பட்டங்களை நடத்துவது நாளிதழ்கள்: கிசெய் யோமியுரியுடையது, மெய்ஜின் அசாஹியுடையது, ஹோனின்போ மைனிச்சியுடையது. கிசெய் பட்டத்துக்கு மட்டும் 4 கோடி யென்னுக்கு மேல் பரிசு. கடல் தாண்டாமலே கௌரவமாக வாழலாம். பட்டம் வைத்திருப்பவருக்கு அதைக் காப்பாற்றும் ஆட்டங்களிலேயே ஆண்டு ஓடிவிடும்.

அடுத்தது கடிகாரம். கிசெய், மெய்ஜின் இறுதித் தொடர்களில் ஒரே ஆட்டம் இரண்டு நாள் நடக்கும். ஒருவருக்கு 8 மணி நேரம். எல்ஜி கோப்பையிலோ 3 மணி, சாம்சங் கோப்பையில் 2 மணி. நான் ஞாயிறுதோறும் போகும் கோ மன்றத்தில் பெரியவர்கள் அந்த நீண்ட ஆட்டங்களின் அழகைப் பற்றி உருகிப் பேசுவார்கள். அழகு உண்மைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் எட்டு மணி நேரத்துக்குப் பழகிய மனம், கடைசிக் கட்டத்தில் நொடிகளை எண்ணிச் சொல்லும்போது தடுமாறுகிறது.

பதில்: வெள்ளைக்கல்

ஒசாகாவாசி ஐயா, கடிகாரத்தின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டாம். இங் கோப்பை என்ற பன்னாட்டுப் போட்டி தொடங்கியபோது அதிலும் நேரம் குறைவில்லை. இருந்தும் 1989-இல் முதல் கோப்பையை வென்றவர் கொரியாவின் சோ ஹுன்ஹியுன். அவர் சிறுவயதில் ஜப்பானில் செகோயே கென்சாகு என்ற ஆசானிடம் பயின்றவர். 1972-இல் இராணுவச் சேவைக்காக ஊர் திரும்பினார். அங்கே லீ சாங்ஹோ என்ற சிறுவனைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்றுக்கொடுத்தார். குருவின் வீட்டில் தங்கிப் படிக்கும் ஜப்பானிய வழக்கம்தான் அது. பதின்ம வயதிலேயே அந்தச் சீடன் குருவின் பட்டங்களைப் பறிக்கத் தொடங்கினான். அதைப் பார்த்துத்தான் கொரியப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பயிற்சிக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். சீனாவில் தேசிய அணியாகக் கூடி உட்கார்ந்து ஆட்டங்களை அலசுகிறார்கள். தனித்தனியாகப் படிக்கும் ஜப்பானியர்கள் அந்தக் கூட்டு உழைப்புக்கு எப்படி ஈடுகொடுப்பது?

பதில்: ஒசாகாவாசி

வெள்ளைக்கல் சொல்லும் பயிற்சி விஷயத்தை முழுவதுமாக ஏற்கிறேன். நகமுரா சுமிரே பத்து வயதில் இங்கே தொழில்முறை ஆட்டக்காரரானவர். 2024-இல் அவர் கொரியாவுக்கே இடம்பெயர்ந்தார். பலம் எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மன்றத்தில் சிலர் வருந்தினார்கள், எனக்கு மகிழ்ச்சிதான்.

சதுரங்கன் தம்பி சொன்ன அந்த 19 ஆண்டு வறட்சி 2024 செப்டம்பரில் முடிந்தது. இங் கோப்பை அரையிறுதியில் சீனாவின் கே ஜியேவை 2-1 என்றும், இறுதியில் அதே நாட்டின் ஷியே கேயை 3-0 என்றும் வென்றார் இச்சிரிகி ரியோ. பரிசு 4 லட்சம் டாலர். செண்டாய் நகரின் கஹோகு ஷிம்போ நாளிதழில் செய்தியாளராகவும் பணியாற்றியவர் அவர்! ஒருவர் வென்றதால் நாடே எழுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே 2024-இல் ஹோனின்போ இறுதித் தொடரும் ஒரே நாள் ஆட்டமாக, தலா 3 மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. பணத்தட்டுப்பாட்டால் வந்த மாற்றம் என்று பலர் குறைப்படுகிறார்கள். என் கணக்கில் வெளியே ஆடப்போகும் இளைஞர்களுக்கு இது நல்ல பழக்கம்.

கேள்வி கேட்டவர்: கோவை சதுரங்கன்

நன்றி ஐயா. எந்த ஆட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: ஒசாகாவாசி

இச்சிரிகி வென்ற அந்த இங் கோப்பை இறுதிச்சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள். முதல் முறை கணினி காட்டும் வெற்றி வாய்ப்பு விழுக்காட்டை மறைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லையும் நீங்களே பலகையில் வைத்துப் பாருங்கள். புரியாத இடத்தின் படத்தை இங்கே போடுங்கள், பேசுவோம்.